டேக்கோடு பிறந்தவள்

துணிக்கடையில் டேக் மாட்டுகிறவளுக்கு மூன்றாவதாக உண்டான குழந்தை, இடது தோள்பட்டையில் டேக்கோடு பிறந்தது. எடை மூன்று கிலோ நூறு கிராம், டேக்கையும் சேர்த்து. தண்ணீர் பாட்டில் மூடி அளவில், சாம்பல் நிறத்தில், விலை கூடின துணிக்கு மட்டும் மாட்டுகிற மை டேக் அது. உள்ளே மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் நீல மை இருக்கும். திருடிக்கொண்டு போனவன் வீட்டில் உட்கார்ந்து குறடு வைத்துப் பிடுங்கினால் குப்பி உடைந்து மை ஊறிவிடும். அப்புறம் அந்தத் துணி அவனுக்கும் உதவாது, கடைக்கும் உதவாது. பிரசவம் பார்த்த நர்ஸ் குழந்தையைத் துடைத்துவிட்டு, டேக்கையும் ஒரு துடை துடைத்து, "பொண்ணு" என்றாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், ஊசி எலும்பில் படவில்லை, குப்பிகள் தோலை ஒட்டி இருக்கின்றன, இதற்கு மேல் இது எங்கள் துறை இல்லை, கடையில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கடையில் யாரைப் போய்க் கேட்பது? மாட்டுகிறதும் அவள்தான், பில் போட்ட பிறகு காந்தத்தில் வைத்துக் கழற்றுகிறதும் அவள்தான். அது எப்படி வந்தது என்றும் அவளுக்குத் தெரியும். முதல் இரண்டு பிள்ளைகளும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது எதைப் பார்த்தாலும் அவளுக்குப் பயம். மாடிப்படி பயம், மழை பயம், பக்கத்தில் யாராவது தும்மினால் பயம். ஐந்தாம் மாதம் பிறந்த அன்று காலை, குட்டிக் கவுன்களுக்கு டேக் மாட்டிக்கொண்டிருந்தவள், கை போன போக்கில் ஒன்றை எடுத்துத் தன் சீருடையில், வயிற்றுக்கு மேலே, அழுத்தி மாட்டினாள். இதையாவது யாரும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று நினைத்தாள். நாள் முழுக்க அப்படியே வேலை பார்த்தாள். சாயங்காலம் கிளம்பும்போது மாமியார் கத்தியது. மாமியார் என்றால் கடை வாசலில் நிற்கிற இரண்டு கம்பங்கள். டேக் கழற்றாமல் யார் எதை எடுத்துக்கொண்டு வெளியே போனாலும் ஊரைக் கூட்டுகிறதால் வேலைக்காரப் பெண்கள் வைத்த பெயர். அவள் திரும்பிப் போய் டேக்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். போட்டதைக் கண்ணால் பார்த்தாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குழந்தை தங்கியது.

அடுத்த வருஷங்களெல்லாம் பயந்தே கழிந்தன. பிள்ளை மல்லாந்து படுத்தால் டேக் நசுங்குமோ என்று தாய் தூங்கவில்லை. ஓடினால் விழுவாளோ, விழுந்தால் குப்பி உடையுமோ, உடைந்தால் மை ரத்தத்தில் கலக்குமோ. மூன்று வயதில் ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு காந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு, டேக்கை இழுத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிள்ளையின் சுண்டுவிரல் நகம் நீலமாக மாறி, எட்டு நாள் அப்படியே இருந்தது. அந்த எட்டு நாளும் அவள் அந்த நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் வைத்தது கருகியது, புருஷன் கேட்டது காதில் விழவில்லை. அதோடு இனிமேல் டேக்கைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே, சோறா கேக்குது" என்றான் புருஷன். அவன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள்.

பிள்ளைக்குத் தெருவில் பீப் என்று பெயர் வந்தது. செருப்புக் கடை, புத்தகக் கடை, மருந்துக் கடை, எந்தக் கடையை விட்டு அவள் வெளியே வந்தாலும் வாசல் கத்தும். முதலில் பையைத் திறந்து பார்த்தார்கள், பிறகு தோளைப் பார்த்தார்கள், பிறகு "நம்ம பீப்பு" என்று விட்டுவிட்டார்கள். கடைத்தெருவில் பிள்ளை கை நழுவிப் போனால் மற்ற தாய்மார் பதறி ஓடுவார்கள். இவள் மட்டும் ஒரு ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொள்வாள். ஏதாவது ஒரு வாசல் கத்தும், அந்தப் பக்கம் போவாள். இதைச் சொல்லத்தான் வேண்டும்: அவளுக்கு உள்ளூர அது பிடித்திருந்தது. வெளியே "என் தலையெழுத்து" என்று புலம்புவாள், அந்தச் சத்தம் கேட்டால்தான் மூச்சு சீராகும்.

பதினெட்டு முடிந்ததும் பெண், துறைமுக ஊரில் கப்பல் வெல்டிங் படிக்க இடம் கிடைத்திருப்பதாகக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தாய் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள், "நல்ல விஷயம்தானே" என்றாள், போய்ப் பாத்திரம் கழுவினாள். மறுநாள் காலை பெண் சும்மா பால் வாங்கக் கிளம்பியபோது வீட்டு வாசல் கத்தியது. வீட்டு வாசலில் கம்பம் இல்லை, வயர் இல்லை, காலிங் பெல்கூடக் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் கதவு நிலையைக் கழற்றிப் பார்த்தான். மரமும் கரையான் தின்ற பொடியும்தான் இருந்தது. அவள் படி தாண்டினால் கத்தல், உள்ளே வந்தால் நிறுத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று நாள் பொறுத்தார்கள், நாலாம் நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை, தாய் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அப்பனும் மகளும் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டு வாசல் சத்தம் போடவில்லை. தெருமுனை தாண்டியும் ஒன்றும் இல்லை. ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டிய அதே நிமிஷம், துணிக்கடை வாசலில் ஈ காக்கை இல்லாதபோது மாமியார் கத்த ஆரம்பித்தது. மேனேஜர் சுவிட்சை அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், அப்படியும் கத்தியது. கவுண்டரில் தாய் இருந்தாள். போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள். அவர்கள் திரும்பி வந்து பாலத்தைக் கடந்ததும் சத்தம் நின்றது.

அன்று சாப்பிடும்போது லிஃப்ட் மெக்கானிக் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "கதவுல கோளாறு இல்ல. கம்பத்துலயும் இல்ல. நீ இருக்கிற இடத்துலதான் அது கத்துது."

அவள் அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். பெண்தான் பேசினாள். "அம்மா, கழட்டிடு."

"மை உள்ள இறங்கிட்டா?"

"இறங்கினா இறங்கட்டும். நீலமா இருந்தாலும் வெல்டிங் பண்ணலாம்."

"உனக்கு எல்லாம் விளையாட்டு" என்றாள் தாய். தட்டைத் தள்ளி வைத்தாள். அழவும் வரவில்லை. போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெண் இருந்துவிடுவாள் என்று தோன்றியது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்க அரை மணி நேரம் முன்னால், மேனேஜரிடம் சாவி வாங்கிக்கொண்டு தாயும் மகளும் போனார்கள். பெட்டியும் படுக்கையும் கூடவே வந்தன. பஸ் கடைக்கு எதிரிலேயே நிற்கும். லிஃப்ட் மெக்கானிக் பஸ்ஸில் இடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், முதல் நாள் கூடப் போய் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. ஷட்டரைத் தூக்கிவிட்ட செக்யூரிட்டி, தனக்குச் சம்பந்தமில்லாதது போல ஒதுங்கி நின்றுகொண்டு, ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பில்லிங் கவுண்டரில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தாய் பழைய துண்டுகளைச் சுற்றிலும் விரித்தாள், ஒரு வாளித் தண்ணீர் வைத்தாள், சோப்பு வைத்தாள், ஆஸ்பத்திரி நம்பரை ஒரு சீட்டில் எழுதி வைத்தாள். காந்தத்தை டேக்கின் மேல் வைத்தாள். பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள்.

"அம்மா, நீ இழுக்கிறே" என்றாள் பெண்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையின் பின்னறையில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பிள்ளை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு அதுதான். காந்தத்தில் வைத்ததும் அவசரப்பட்டு இழுப்பார்கள், பிடி இன்னும் இறுகிக்கொள்ளும். காந்தத்தில் வைத்தால் கையை எடுத்துவிட வேண்டும், ஊசி தானாக நழுவிக் கீழே விழும் என்று நாற்பது பெண்களுக்காவது தாய் சொல்லிக் கொடுத்திருப்பாள். மூன்று வயதுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தான் செய்ததும் அந்தத் தப்பைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அது தோன்றவே இல்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது. காந்தத்தை மறுபடி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு டேக்கிலிருந்து கையை எடுத்தாள். டக் என்று கவுண்டரில் ஏதோ விழுந்தது.

மை வரவில்லை. தோளில் காது குத்தின அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது, அவ்வளவுதான். செக்யூரிட்டி அதற்கு மேல் பொறுக்க மாட்டாமல் கிட்டே வந்து, டேக்கைக் குறடால் உடைத்துப் பார்த்தார். மூன்று குப்பியில் ஒன்று எப்போதோ நொறுங்கியிருந்தது. மற்ற இரண்டின் அடியிலும் நீலப் பொடி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. "இது காஞ்சு பத்து பன்னெண்டு வருஷம் இருக்கும்க்கா" என்றார். அவள் துண்டுகளின் நடுவே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பெண் அவள் முகத்தை அந்தத் துண்டாலேயே துடைத்துவிட்டாள்.

எதிரே பஸ்காரன் ஹாரன் அடித்தான். பெண் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டாள், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. கம்பங்களுக்கு நடுவே நடந்து வெளியே போனாள். மாமியார் வாயைத் திறக்கவில்லை. "போயிட்டு வரேம்மா" என்றாள் படியில் நின்று. தாய் பின்னாலேயே வேகமாக நடந்தாள், பஸ்வரைக்கும் போகலாம் என்று. அவள் கம்பங்களைத் தாண்டியதும் மாமியார் கத்தியது.

செக்யூரிட்டி பழக்க தோஷத்தில் கையை நீட்டி மறித்தார். அவளும் பழக்க தோஷத்தில் நின்றாள். சீருடைப் பையைத் துழாவினார், கைப்பையைத் திறந்தார், சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "என்னக்கா எடுத்துட்டுப் போறீங்க?"

"ஒண்ணும் இல்லப்பா" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலில் ஒரு கை தெரிந்தது, அது மகளுடையதா புருஷனுடையதா என்று இன்றைக்கும் அவளுக்கு நிச்சயமில்லை. பஸ் பாலத்தைத் தாண்டியது, துறைமுக ஊருக்குப் போய்ச் சேர்ந்தது, பெண் திங்கட்கிழமை காலை பெயரைப் பதிந்துகொண்டாள். இப்போது கப்பலின் அடிப்பகுதியில் படுத்துக்கொண்டு நெருப்புப் பொறி பறக்க வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. தாய்க்கு அதைக் கேட்டால் இன்னமும் பயம்தான், ஆனாலும் எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்லிவிடுவாள்.

மாமியாரைக் கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். மற்ற எல்லோருக்கும் ஒழுங்காக வேலை செய்கிறது. அவள் வேலை முடிந்து வெளியே வரும்போது மட்டும், கையில் ஒன்றும் இல்லாமலே, கத்துகிறது. செக்யூரிட்டியும் மாறிவிட்டார்; புதிதாக வந்தவருக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள், அந்த அக்காவுக்குக் கத்தினால் எழுந்திருக்க வேண்டாம் என்று. ஆறரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்து மருந்துக் கடைக்காரர் பெயர்ப்பலகை விளக்கைப் போடுவார்.