குடம் வைக்கிற தோள்

“ஆடி போகட்டும் எண்டுதான் சொன்னனான். குடம் எண்டு என்ரை வாயாலை—”

“வாயாலை சொல்லேல்லை மாமி, கண்ணாலை சொல்லுறியள். மாமா இருமுற நேரமெல்லாம் இவற்றை தோளைப் பாக்கிறியள்—”

“பெத்தவள் பாக்காமல் ரோட்டாலை போறவளோ பாக்கிறது?”

“டொக்டர் பாத்திட்டார், அது காணும். வியாழக்கிழமை ஒப்பரேசன்.”

“ஆடியிலை உடம்பிலை கத்தி வைக்கிறேல்லை, பிள்ளை.”

“போன ஆடியிலைதானே உங்கடை கண்ணுக்கு வைச்சவை? அப்ப ஆடி எங்கை போய் நிண்டது?”

மகாதேவி குசினி வாசலில் தேங்காய்ப் பாதியோடு நின்றாள். மருமகள் ஆரபி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய உடுப்புகளை மடித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில், கதிரையில், இடது கையைத் துணித் தூளியில் போட்டபடி சிவரூபன் இருந்தான். தோள் அவனுடையது. கதை மட்டும் அவனிடம் இல்லை.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் அரியாலைக் கடலுக்கு வெள்ளைக்காரர் வந்துவிடுவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில், காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக் கூரையளவு பட்டத்தில் தொங்கிக்கொண்டு பறப்பதற்கு. அவர்களுக்கு அதைப் பழக்குவது சிவரூபனின் வேலை. ஆனி மாதம் பழக வந்த பெண்ணொருத்தியின் பட்டம் கைமீறிப் போனபோது எட்டிக் கயிற்றைப் பிடித்தான். காற்று அவனையும் இழுத்துக்கொண்டு போய், மீன் மறிக்கக் கடலுக்குள் கட்டிய பழைய மீன்பட்டியின் கம்பொன்றில் அடித்துப் போட்டது. அந்தக் கம்பை ஒரு காலத்தில் நட்டவர் அவனுடைய தகப்பன் கனகரத்தினம்.

தோளில் தசைநார் எலும்பை விட்டுக் கழன்றிருந்தது. “றப்பர் மாதிரி உள்ளுக்குச் சுருங்கிக்கொண்டு போகும். கனநாள் விட்டால் பிறகு இழுத்துத் தைக்க ஒண்டும் மிஞ்சாது” என்று டொக்டர் சொல்லியிருந்தார். தைத்த பின்பும் ஆறு மாதத்துக்கு அந்தத் தோளில் பாரம் ஏற்றக் கூடாது.

அந்த ஆறு மாதம்தான் மகாதேவிக்குத் தொண்டையில் சிக்கிய முள். உள்ளறையில் கனகரத்தினம் கிடந்தார். இருதயம் களைத்துவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். மூத்த மகன் கேதீஸ்வரன் கனடாவில், பேப்பர் இல்லாமல், வெளிக்கிட்டால் திரும்ப முடியாத நிலையில் இருந்தான். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க, மிஞ்சியவன் இளையவன். கொள்ளிக்குடம் வைப்பது இடத்தோளில். கழன்ற தோளென்றாலும் ஒரு நாளைக்குக் குடம் தாங்கும், தைத்த தோள் தாங்காது என்பது அவளுடைய கணக்கு.

“இவன் பட்டத்தாலை விழாட்டி இந்தக் கதையே வராது” என்றாள் மகாதேவி. “கம்பசிலை ஒரு பட்டம், கடலிலை ஒரு பட்டம். முதல் பட்டம் வேலை தரேல்லை, ரெண்டாவது கையை எடுத்துப்போட்டுது.”

“அந்த ரெண்டாவது பட்டத்திலைதான் இந்த வீட்டிலை அடுப்பெரியுது, மாமி. கை போனால் இவர் என்ன செய்யிறது? கரையிலை நிண்டு காத்தை எண்ணுறதோ?”

“மகாதேவி…” உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது.

மூவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

“நாள் வைச்சிட்டியள் எண்டால் எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. சேவ் எடுத்துப்போட்டுப் படுக்கிறன்.”

“என்னப்பா விசர்க்கதை கதைக்கிறியள்!”

“நானோ கதைக்கிறன்? தம்பி, நீ போய் வெட்டு. நான் பொறுத்துக்கொள்ளுவன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.”

ஆரபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகாதேவிக்கு அது பொறுக்கவில்லை. ரெலிபோனை எடுத்து மூத்தவனுக்கு அடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

“அம்மா, நானே எடுக்க இருந்தனான். பேப்பர் அலுவல் ஒண்டு—”

“பேப்பரை விடு. கொப்பர் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கிறார், உன்ரை தம்பி தோளை வெட்டப் போறானாம். நீ ஒரு சொல்லுச் சொல்லு.”

“அத்தான், டொக்டர் சொன்னதை நான் சொல்லுறன்—”

“நீ பொறு பிள்ளை, அவன் என்னோடை—”

“ரெண்டு பேரும் ஒரேயடியாக் கத்தினால் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் வேலைக்குள்ளை நிக்கிறன். அப்பாக்கு ஒண்டெண்டால் உடனை சொல்லுங்கோ. சரி அம்மா, நான் வாறன்.”

“ஓம், சரி, வா.”

மகாதேவி ரெலிபோனைச் சீலைத் தலைப்பால் துடைத்து வைத்தாள். “பாத்தியளே, அவனுக்கு விளங்கியிட்டுது” என்றாள். என்ன விளங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை கனகரத்தினத்துக்கு மூச்சு இழுத்தது. ஓட்டோவில் சிவரூபன்தான் பக்கத்தில் இருந்தான். கிழவர் தலையை அவனுடைய இடத்தோளில் சாய்த்துக்கொண்டார். குழிக்குக் குழி அந்தத் தலை துள்ளித் துள்ளி விழுந்தது. சிவரூபன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், தோளை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவன் செய்த முதல் வேலை, ரெலிபோன் எடுத்து, “வியாழக்கிழமை வரேலாது. பிறகு சொல்லுறன்” என்றது.

பின்னால் வந்த ஆரபி கேட்டுவிட்டாள்.

“பிறகு எண்டால் எப்ப?”

“அப்பாக்கு ஒரு வழி…”

“ஒரு வழி? சொல்லி முடியுங்கோ.”

அவன் தகப்பனை வலது கையால் அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தான்.

கனகரத்தினத்துக்கு ஒரு வழி தெரிந்தது, வீட்டுக்கு வருகிற வழி. நல்லூர்த் திருவிழா தொடங்கும்போது முதுகுக்குத் தலையணை கொடுத்து எழும்பி இருந்தார். கொடியிறங்கி விரதம் முடிந்ததும், பனங்கிழங்கு மாவில் மீன் போட்டுக் காய்ச்சுகிற ஒடியற்கூழ் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் மீன் போட்டிருக்கலாம்” என்றார்.

“அந்த வயிறு இப்ப தாங்காதப்பா.”

“சாகிற மனிசன்ரை வயிறு தாங்கினால் என்ன, தாங்காட்டி என்ன?”

எல்லாரும் சிரித்தார்கள். சிவரூபனும் சிரித்தான், கோப்பையை வலது கையால் பிடித்துக்கொண்டு. இப்போது போனால் என்ன என்று ஆரபி கேட்ட நாளெல்லாம் மாமியார் வாயைத் திறக்கத் தேவையில்லை. உள்ளே ஒரு இருமல் கேட்கும். சிவரூபன், “அடுத்த கிழமை பாப்பம்” என்பான். அடுத்த கிழமைக்கும் ஒரு இருமல் இருந்தது.

சோளகம் விழுந்து கடல் எண்ணெய்போலக் கிடந்த நாளில்தான் கடைசியில் போனார்கள். டொக்டர் புதிய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏன் இவ்வளவு காலமும் வரேல்லை?”

“வீட்டிலை ஒரு அலுவல், டொக்டர்.”

“அலுவல் முடிஞ்சுதோ?”

“இன்னும் இல்லை.”

“இஞ்சை முடிஞ்சுது, தம்பி. இனி இதை இழுத்துத் தைக்கேலாது. நோவுக்கு மருந்து தாறன், பயிற்சி செய்யும். கை தோளுக்கு மேலை எழும்புமெண்டு நம்பியிராதையும்.”

வீடு வரும்வரை ஆரபி அந்தப் படத்தை மடியில் வைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பேசியிருந்தால் நல்லது என்று சிவரூபன் நினைத்தான். பட்டம் பழக்குகிற இடத்தில் அவனைத் துரத்தவில்லை. அடுத்த காற்றுக்குக் கரையில் நின்று, நனைந்து வருகிறவர்களுக்குத் துடைக்கத் துவாய் கொடுக்கலாம் என்றார்கள்.

ஐப்பசி மழைக்குள் கனகரத்தினம் போனார். மத்தியானம் கஞ்சி குடித்து, வாயைத் துடைத்துவிட்டுச் சரிந்தவர் எழும்பவில்லை. அழுது முடித்து மூத்தவனுக்கு அறிவித்தார்கள்.

“அம்மா, நான் ரிக்கற் போடுறன். வரும்வரைக்கும் எடுக்காதேங்கோ.”

“என்னெண்டு வருவாய்? உனக்கெங்கை பேப்பர்?”

“அது ஆடியிலேயே கிடைச்சிட்டுதே. உங்களுக்குச் சொன்னனான்தானே, வாறன் எண்டு?”

“எப்பவடா சொன்னனி?”

“எல்லாரும் சத்தம் போட்ட அண்டைக்கு. அப்பாக்கு ஒண்டெண்டால் சொல்லுங்கோ, நான் வாறன் எண்டு சொன்னனான். பிறகு அவர் தேறிட்டார் எண்டியள், லீவும் கிடைக்கேல்லை, விட்டிட்டன்.”

மகாதேவி ரெலிபோனை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“நீ எப்பவும் வாறன் எண்டுதானே ரெலிபோனை வைக்கிறனி. பிளேன் ஏறேக்கையும் வாறன் எண்டுதானே போனனி. ஆர் இஞ்சை போறன் எண்டு சொல்லுறது? நான் என்னெண்டடா கண்டன், இந்த வாறன் வருகிற வாறன் எண்டு?”

ஆரபி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். அங்கே ஏதோ பாத்திரம் விழுந்தது. போட்டதாகவும் இருக்கலாம்.

உடல் பெட்டிக்குள் காத்திருந்தது. கேதீஸ்வரன் மூன்றாம் நாள் விடிய வந்து இறங்கினான். கொழுத்திருந்தான். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, மேலே பெல்ட் கட்டிக்கொண்டான். “மூத்தவர் ஆர்?” என்று ஐயர் கேட்க, முன்னுக்கு வந்தான். அவ்வளவுதான். வேறு கேள்வியே வரவில்லை.

பாடையைத் தூக்கச் சிவரூபன் குனிந்தபோது தாய்மாமன் செல்வரட்ணம் அவனை விலக்கினார். “விடு மருமோன், உன்ரை கை ஏலாது. நீ குடையைப் பிடி.”

சுடலையில் குடை பிடித்தான். அண்ணனுடைய இடத்தோளில் குடம் இருந்தது. கத்தி நுனியால் துளை போட்டபோது தண்ணீர் வேட்டியை நனைத்துக்கொண்டு இறங்கியது. மூன்று சுற்றும் அந்தத் தோள் அசையவில்லை.

திரும்பி வந்து முழுகி, வேப்பிலை கடித்து, எல்லாரும் இருந்தார்கள். கேதீஸ்வரன் தோளைத் தடவிக்கொண்டு சொன்னான்: “நல்ல பாரமடா. நல்ல காலம் நான் வந்தது. உன்ரை கையோடை எண்டால் குடம் இடையிலை விழுந்திருக்கும்.”

“ஓம், அண்ணை.”

“ஏன்ரா அதை நேரத்துக்குச் செய்விக்கேல்லை? ஆடியிலை கதைச்சதெல்லோ?”

ஆரபி தேத்தண்ணீர்க் கோப்பையை அவன் முன்னால் வைத்தாள். கொஞ்சம் தளும்பிச் சிந்தியது. துடைக்கவில்லை.

மகாதேவி சுவரில் சாய்ந்திருந்தாள். இரண்டு மகன்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இளையவன் பக்கம் நகர்ந்து வந்து, அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல்தான் சொல்ல வந்தாள்.

“மனவருத்தப்படாதை, ராசா. தேப்பனுக்கு மூத்தவன், அதுதான் முறை. தாய்க்குக் கடைசிப் பிள்ளை. எனக்கு நீதான். உன்ரை கடமை எங்கையும் போகேல்லை.”

சிவரூபன் கையை இழுக்கவில்லை.

“அப்ப, உங்கடை குடத்தை வலத்தோளிலை வைக்கலாமோ எண்டு ஐயரை இப்பவே கேட்டு வையுங்கோ, அம்மா.”