அப்பா கேட்ட கட்டில்

"எட்டி நில்லும்மா, கிட்ட வராதே!" என்று தலைமுதல் கால்வரை மூடியிருந்த ஆள் கத்தினான். ஆஸ்பத்திரி வண்டியின் பின்கதவைப் பாதிதான் திறந்தார்கள். பையின் ஜிப்பை யாரும் இறக்கவில்லை. உள்ளே இருப்பது அப்பாதான் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அவள் இடுப்பிலிருந்த பொடிசு, "தாத்தா தூங்குறாரா?" என்று கேட்டது. அவள் அதன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட வாசலில் வண்டி கொஞ்ச நேரம் நின்றதே மேடத்தின் தயவு. தொற்றுக்காலத்தில் ஊரடங்கி, பள்ளியும் மூடியபிறகு, வீட்டில் அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நகராட்சி அதைத் திறந்துவிட்டிருந்தது. அதற்குப் பொறுப்பு மேடம், கேட்டில் காவல் அப்பா. பட்டாளத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதருக்கு உள்ளேயிருந்த வாண்டுகள் வைத்த பெயர் மிலிட்டரி. மனைவியைத் தேடிவரும் எந்த ஆம்பளைக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "அப்படி யாரும் இங்க இல்லப்பா." ஆயுசுக்கும் பொய் பேசாதவர், அதை மட்டும் முகம் கோணாமல் சொல்வார்.

பெற்ற மகளிடம்தான் சறுக்கிவிட்டார். போன மாதம் வீங்கிய கன்னத்தோடு இதே கேட்டில் அவள் வந்து நின்றாள்.

"காவல் நிக்கிறவன் மகளுக்கே கட்டில்னா நாலு பேர் என்ன பேசுவாங்க? போக்கிடம் இல்லாதவங்களுக்கும்மா இது. உனக்குத்தான் வீடு இருக்கே. கொஞ்சம் பொறுத்துக்க."

நேர்மையாம், பெரிய நேர்மை! வயிறு எரியத் திரும்பிப் போனாள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வண்டி மயானத்துக்குத் திரும்பும்போதுகூட அவளுக்கு அழுகை வரவில்லை.

"முடிஞ்சுதுல்ல? ஏறு," என்றான் கணவன், ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே.

"இரும்மா," என்று கேட்டுக்கு உள்ளேயிருந்து மேடம் கூப்பிட்டார். "அப்பா சாமான் கொஞ்சம் கிடக்கு. எடுத்துக்க."

சாமான் என்ன பெரிய சாமான்! கேட்டோர அறையில் துவைத்து மடித்த ஒரு போர்வை, ஒரு டிபன் டப்பா. அவள் போர்வையை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரி வண்டியில ஏறும்போது என்கிட்ட ஒரு கட்டில் கேட்டார்," என்றார் மேடம். "வாயைத் திறந்து எதுவும் கேட்காத மனுஷன். மூச்சு வாங்குது, அப்பவும் விடல. 'ஒண்ணே ஒண்ணு, ஒதுக்கி வைங்கம்மா'ன்னார். யாருக்குன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டார்."

அவள் போர்வையின் மடிப்பை நீவினாள்.

"போட்டு வச்சிருக்கேன்."

'இதை அன்னைக்கே கேட்டிருந்தா என்னப்பா?' என்று சண்டை பிடிக்கத்தான் வாயெடுத்தாள். வந்தது அழுகை. போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வெளியே ஹாரன் விடாமல் அடித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பொடிசு அவள் தோளை இறுக்கிப் பிடித்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எந்த ரூம் மேடம்?"

கரும்பலகைக்குக் கீழே ஜன்னலோரமாகக் கிடந்தது கட்டில். போர்வையை விரித்துப் பொடிசை உட்கார வைத்தாள். கேட்டில் தகரம் அதிரத் தட்டினான் அவன்.

"என் பொண்டாட்டி இப்பதானே உள்ள போனா! என் கண்ணால பார்த்தேன். வரச் சொல்லு அவளை!"

"அப்படி யாரும் இங்க இல்லப்பா," என்றது மேடத்தின் குரல், நிதானமாக.

அவள் குனிந்து பொடிசின் செருப்புகளைக் கழற்றினாள். இரண்டையும் சேர்த்து, கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.