ஸ்பேனர்க்காரிக்கு ஒரு முழுப் பக்கம்

பொம்மைக் கம்பெனியில் அச்சு செதுக்கும் அக்காவைக் காமிக்ஸ் ஆசிரியர் மாடிக்குக் கூப்பிட்டார். கம்பெனியின் பொம்மைகள் எல்லாம் ஒரே உலகத்தில் சேர்ந்து உலவும் காமிக்ஸ் அது. அந்தப் பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் ஒரு கையேடு இப்போது தயாராகிக்கொண்டிருந்தது.

"உங்க ஸ்பேனர்க்காரிய மட்டும் விட்டுடலாம்னு இருக்கேன்க்கா. இருபது வருஷத்துல அவளுக்குன்னு ஒரு கதைகூட வரல," என்றார்.

கையில் ஸ்பேனரோடு நிற்கும் அந்த மெக்கானிக் பெண்தான் அக்கா செதுக்கிய முதல் பொம்மை. மனசு சுருக்கென்றாலும் நிதானமாகவே கேட்டாள்.

"ஒவ்வொரு இதழ்லயும் ராட்சசன் விண்கப்பல நொறுக்குறான். அடுத்த இதழ்ல அது முழுசா பறக்குது. நடுவுல யாரு சார் சரிபண்ணினது?"

ஆசிரியர் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

கையேடு வந்தபோது ஸ்பேனர்க்காரிக்கு முழுப் பக்கம் கிடைத்திருந்தது. 'இவள் கை படாத கப்பல் இந்த வானத்தில் இல்லை' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அக்கா அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தபடி பட்டறை முழுக்கச் சுற்றி வந்தாள்.

"என்னக்கா, கால் தரையிலயே படல?" என்று பெயின்ட் அடிப்பவள் சீண்டினாள்.

"எப்படிப் படும்? என் பொண்ணு பேரெடுத்துட்டாளே!"