அதிர்ந்து பேசாத அம்மா

மூன்றாவது ஆளும் மைக்கைப் பிடித்து, "அந்தம்மா அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்ல" என்றபோது மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போனது தன் அம்மாதானா, இல்லை ஆள் மாறி வேறு யாருக்கோ இரங்கல் கூட்டம் நடத்துகிறார்களா?

அம்மா வாயைத் திறந்தால் தெருக்கோடிவரை கேட்கும். எடையில் கை வைக்கும் காய்கறிக்காரன் அவள் தலையைக் கண்டதுமே தராசைத் துடைக்க ஆரம்பிப்பான். அப்படிப்பட்டவளை இரண்டே வாரத்தில் வாயில்லாப் பூச்சி ஆக்கிவிட்டார்களே, பாவிகள்.

அடுத்து சூப்பர்வைசர் எழுந்தார். அம்மா கடைசிவரை சட்டை தைத்த கம்பெனிக்காரர்.

"பொறுமைன்னா அவங்கதான். எங்ககிட்ட வாயத் திறந்து எதையும் கேட்டதே கிடையாது" என்று கர்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மகள் எழுந்தாள். அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான்.

"இன்னைக்காவது சும்மா இரு. அம்மாவுக்கு நல்ல பேரு கிடைக்குது, கெடுத்துடாதே."

"இது அம்மாவே இல்லைண்ணா."

உதறிவிட்டுப் போய் மைக்கை வாங்கினாள்.

"கேட்டாங்க சார். லேடீஸ் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கேட்டாங்க. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளியில கதவைப் பிடிச்சுட்டு நிக்கணும். வேலையை விட்டுட்டு வந்தேன்னு அவளுக்கு வேற திட்டு. எப்பக் கேட்டாலும் 'பார்க்கலாம், பார்க்கலாம்'னு இழுத்தடிச்சீங்க. அப்புறம் நடந்ததை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சூப்பர்வைசர் கர்சீப்பை மடித்துப் பையில் வைத்தார்.

"நீங்க சாப்பிடப் போன நேரத்துல, உங்க ரூம் கதவுத் தாழ்ப்பாளைக் கழட்டிக் கொண்டுபோய் பாத்ரூம் கதவுல மாட்டிட்டாங்க. 'என் ரூமுக்கு?'னு நீங்க குதிச்சப்ப, 'பார்க்கலாம் சார்'னாங்க. அது ரோடு வரைக்கும் கேட்டுச்சாம். எங்கம்மா அதிர்ந்துதான் சார் பேசினாங்க. அதை அவங்ககிட்டயிருந்து பிடுங்காதீங்க."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பின்வரிசையில் கம்பெனிக் கோட்டோடு ஒரு பெண் எழுந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருப்பாள்போல. சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகளிடம் சொன்னாள்.

"அந்தத் தாழ்ப்பாள் இன்னும் அங்கதாம்மா இருக்கு. இன்னைக்குக் காலையிலகூட அதைப் போட்டுட்டுத்தான் உட்கார்ந்தேன்."

முதலில் சிரித்தது அண்ணன்தான்.