விடுபட்ட ஏழாவது கட்டுரை

அச்சகத்திலிருந்து திருத்தப்படிகள் வந்தன. பதினெட்டுக் கட்டுரைகள் இருந்தன. நான் கொடுத்தது பத்தொன்பது. ஏழாவதைக் காணவில்லை.

முப்பத்தோரு வருட உழைப்பு அது. எங்கள் முன்னோரை, வளர்ந்தபின் மறுபடி ஞானஸ்நானம் பெற்ற முதல் மறுஞானஸ்நானக்காரர்களை, அன்றைய அரசு எப்படி வேட்டையாடியது என்று பழைய விசாரணை ஏடுகளில் தோண்டித் தோண்டி எழுதியவை. யூரா மலையில் உள்ள எங்கள் மென்னோனைட் கிறிஸ்தவ சபையின் வரலாற்றுக் குழுதான் தொகுத்து வெளியிடுகிறது. குழுவின் தலைவன் தியோஃபில் ஸ்ப்ருங்கர். சபை மூப்பனும் அவனே. ஞாயிறு பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

ஏழாவது கட்டுரை அவன் மூதாதை உல்ரிக்கைப் பற்றியது. 1538-இல் சித்திரவதைக்கும் அசையாமல் உயிர்விட்ட தியாகி என்று வருடாவருடம் அவரைப் பாடுகிறோம். ஏடு வேறு கதை சொல்கிறது. இரண்டாம் நாள் கயிற்றில் தொங்கவிட்டதும் தன்னோடு ரகசியமாக ஞானஸ்நானம் பெற்ற ஒருத்தியின் பெயரைச் சொல்லிவிட்டார். அவர் வீட்டில் மாடு கறந்த பார்ப்லியின் பெயர். அவளை ஆரெ ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். அவர் விடுதலையாகி, இருபத்திரண்டு வருடம் வாழ்ந்து, படுக்கையில் செத்தார்.

வலி தாங்காமல் உடைந்த மனுஷரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பார்ப்லிக்குப் பாட்டும் இல்லை, கல்லும் இல்லை. ஏட்டில் ஒரு வரி, என் கட்டுரையில் பதினான்கு பக்கம். அவ்வளவுதான் அவளைப்பற்றி இந்த உலகத்தில் மிஞ்சியது.

புதன்கிழமை தியோஃபில் என் சமையலறைக்கு வந்தான். காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தான்.

"உன்னை மன்னிச்சிட்டேன் ரோசினா."

"எதுக்கு?"

"எங்க குடும்பத்தைப் பத்தி அப்படி எழுதினதுக்கு. மனசுல ஒண்ணும் வச்சுக்கல. கட்டுரைய மட்டும் எடுத்துட்டேன்."

எங்கள் சபையில் நாங்கள் கை ஓங்க மாட்டோம், சத்தியம் செய்ய மாட்டோம், சத்தம் போட மாட்டோம். அதற்குப் பதிலாக மன்னித்துவிடுவோம். மன்னிக்கப்பட்டவள் அதன்பிறகு வாயைத் திறந்தால் அவள்தான் குற்றவாளி.

ஞாயிறுவரை காத்திருந்தேன்.

அன்று திருவிருந்து. அப்பம் பிட்குமுன் மூப்பன் வரிசை வரிசையாக வந்து ஒவ்வொருவரையும் கேட்பான். எல்லோரும் சமாதானம் என்று சொல்ல வேண்டும். ஒருவர் இல்லையென்றாலும் அன்று அப்பம் பிட்கக்கூடாது. என் ஆயுளில் யாரும் இல்லையென்று சொன்னதில்லை.

"சமாதானமா, சகோதரி?"

"இல்லை."

முன்வரிசைத் தலைகள் திரும்பின. தியோஃபில் குனிந்து, இதை வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று முணுமுணுத்தான். வீட்டில் பேசியாகிவிட்டது என்று எழுந்து நின்றேன். உல்ரிக் சொன்ன பெயரையும், ஆற்றில் செத்தவளையும், காணாமல்போன கட்டுரையையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பின்வரிசையில் லிடியா ஹாபெக்கர் பெருமூச்சு விட்டாள். அன்றைய அப்பத்தைச் சுட்டவள் அவள்தான்.

"விடியறதுக்கு முன்ன எழுந்து மாவு பிசைஞ்சேன், ரோசினா. இத ஒரு திங்கக்கிழமை சொல்லியிருக்கக் கூடாதா?"

சிலர் சிரித்தார்கள். தியோஃபிலுக்கு உயிர் வந்தது. என்னைத் தாண்டிப்போய் அவளிடமே கேட்டான்.

"சமாதானமா, லிடியா சகோதரி?"

"அந்தப் பொண்ணு கதைய எடுத்தது யாரு?"

குழுவின் முடிவு என்றான்.

"குழுவுல நானும்தான் இருக்கேன். என்னை யாரும் கேக்கலையே. எனக்கும் சமாதானம் இல்ல."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. தியோஃபிலின் காதுமடல் சிவந்தது. வேண்டுமானால் புத்தகத்தின் கடைசியில், பின்னிணைப்பாகச் சின்ன எழுத்தில் போடலாம் என்றான்.

"ஏழாவது இடத்துல," என்றேன். "மத்ததெல்லாம் எந்த எழுத்துல இருக்கோ அதே எழுத்துல. ஒரு வரி குறையக்கூடாது."

அவன் சபையைப் பார்த்தான். துணைக்கு ஒரு முகமும் கிடைக்கவில்லை.

"சரி," என்றான். பிறகு, அப்பம் இருந்த மேசையைக் காட்டி, "இப்பவாவது சமாதானமா?"

"அச்சாகி வரட்டும். அப்ப வந்து கேளு."

லிடியா எழுந்துபோய் அப்பத்தைத் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டாள். வாசலில் என்னைக் கடந்து போனபோது ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்காகப் பேசினாள் என்று நான் நினைத்திருந்தால் அது என் தப்பு. அவளுடைய கோபம் அவளுடையது.