ஒருத்தன் நின்றாலே திறக்கும் கதவு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று காலையில் கடலூரில் பஸ் ஏறும்போதே, இன்றைக்கு ஒரு நாள் காது சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மடியில் என் கேம் கன்சோல் இருந்த பை. போவது சிதம்பரத்தில் மாரியப்பா நகரில் இருக்கும் என் தங்கை இளமதி வீட்டுக்கு. ஒரு வருஷமாக அந்த வாசலை நான் மிதிக்கவில்லை.

காரணம் அவள் புருஷன் செந்தமிழ்செல்வன். என் தங்கையைக் கட்டுவதற்கு முன்னாலேயே அவன் எனக்கு மச்சான்தான். காலேஜ் ஹாஸ்டலில் ஒரே ரூம். எங்களை ஒட்டவைத்தது ‘டஸ்க் பிரிகேட்’ என்ற துப்பாக்கிச் சண்டை கேம். மூன்று பாகங்கள் வந்தன. மூன்றையும் ஒரே டிவியில், திரையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, சேர்ந்தே ஆடி முடித்தோம். அதில் ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் ஒரு இரும்புக் கதவு வரும். அதற்கு இரண்டு கைப்பிடிகள். இரண்டு பேரும் வந்து ஆளுக்கொன்றைப் பிடித்தால்தான் திறக்கும். முதலில் போய்ச் சேர்ந்தவன் அத்தனை தோட்டாவையும் வாங்கிக்கொண்டு, “வந்து தொலடா மச்சான்!” என்று கத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மற்றவனை விட்டுவிட்டுப் போக வழியே கிடையாது. அந்தக் கதவுக்காகவே அந்த கேம் எங்களுக்கு உயிர்.

போன வருஷம் அவர்கள் மகள் இலக்கியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள், இது ஊருக்கே தெரியும். தோடு வாங்கி, சீர்த்தட்டெல்லாம் அடுக்கி, காரில் கிளம்பினேன். புதுச்சத்திரம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. உடனே போன் போட்டேன்.

“வந்துட்டே இருக்கேன் மச்சான். கொஞ்சம் நிறுத்தி வையி.”

“சரிடா, நீ வா” என்றான்.

நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது குழந்தை எங்கள் பெரியப்பா மகன் ராஜாமணியின் மடியில் வீல்வீலென்று அழுதுகொண்டிருந்தாள். குத்தி முடித்துவிட்டார்கள். “நல்ல நேரம் போவுதுன்னு பெரியவங்க அவசரப்படுத்திட்டாங்க மச்சான்” என்றான் செல்வன். பெரியவங்களாம்! பிள்ளைக்கு அப்பன் யார்? ஒரு வார்த்தை, “என் மச்சான் வரட்டும்” என்று ஒரு வார்த்தை சொல்ல இவன் வாய்க்கு என்ன கேடு? சீரை வைத்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பிவிட்டேன். தோடு என் சட்டைப் பையிலேயே ஊர் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. இளமதி போனில் அழுவாள். “அவுரு ரொம்ப வருத்தப்படுறாருண்ணா” என்பாள். வருத்தப்படுகிறவன் என்னிடம் அல்லவா சொல்ல வேண்டும்? தூது எதற்கு?

போன மாதம் அவனிடமிருந்தே ஒரு வாட்ஸ்அப் வந்தது. “டஸ்க் பிரிகேட் புதுசு வருது மச்சான். அதே உலகம், வேற கதையாம். ட்ரெய்லர் பாக்காத, ரிவ்யூ பாக்காத. சேந்து ஆடுவோம், ஊட்டுக்கு வா.” மன்னிப்பு என்று ஒரு எழுத்து இல்லை. ஆனாலும் மானங்கெட்ட மனசு இளகிவிட்டது. பழையபடி தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். கேமை முன்கூட்டியே புக் செய்தேன். ஒரு ட்ரெய்லர்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் இளமதி, “வாண்ணா” என்றாள். அதற்குள் கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கறிக்குழம்பு வாசனை வீடு முழுக்க இருந்தது. செல்வன் என் முகத்தைப் பார்க்காமல், “பஸ்ஸு கூட்டமா மச்சான்?” என்றான். “ம்” என்றேன். இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். கன்சோலை மாட்டி, ஆளுக்கொரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டோம்.

“ரெண்டு பேரு ஆடுறது எங்கடா இருக்கு?” என்று தேடினான்.

“செட்டிங்ஸ்ல பாரு.”

“இல்லியே மச்சான்.”

“கண்ண நல்லாத் தொறந்து பாரு!”

இல்லை. போனில் தேடிப் பார்த்தேன். இந்தக் கதையை ஒருவர் மட்டுமே ஆட முடியும் என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. ட்ரெய்லர் பார்க்காத இரண்டு முட்டாள்களைத் தவிர. என் கன்ட்ரோலரைத் தரையில் வைத்தேன். காது சூடாக ஆரம்பித்தது.

சரி, மாற்றி மாற்றி ஆடலாம் என்று அவன் தொடங்கினான். குப்பை என்றால் அப்படி ஒரு குப்பை. துப்பாக்கிச் சத்தம் கொட்டாங்குச்சியைத் தட்டுவது போல் இருந்தது. எதிரிகள் எதிரே வந்து, “சுடுப்பா” என்று கேட்காத குறையாக நின்றார்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தரையிலேயே அம்புக்குறி. கூட ஆளில்லாததால் நாயகன் தனக்குத்தானே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

“இதுக்காடா ஒரு வருசம் காத்துக் கெடந்தோம்?” என்றேன். கேமைப் பற்றி மட்டும்தானா சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அந்தக் கதவு வந்தது. அதே இரும்புக் கதவு, அதே இரண்டு கைப்பிடிகள். இரண்டு பேருமே நிமிர்ந்து உட்கார்ந்தோம். செல்வனுடைய ஆள் போய் ஒரு கைப்பிடியைப் பிடித்தான். மற்ற கைப்பிடி, யாருமே தொடாமல், தானாகத் திரும்பியது. கதவு திறந்துவிட்டது.

“தொறக்குதா?” என்று கத்தினேன். “ஒருத்தன் நின்னாலே தொறக்குதா? ரெண்டாவது ஆளு வர வேணாமா? வந்துட்டே இருக்கேன்னு சொன்னவன் நடு ரோட்டுல தவிச்சிக்கிட்டு நிக்கிறான். அவனுக்காகக் கொஞ்சம் நிக்க மாட்டீங்க, இல்ல? ஆளு இல்லாமயே வேலைய முடிச்சிக்குவீங்க, இல்ல?”

அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற இளமதி மெதுவாகச் சொன்னாள்: “அண்ணன் கேமத் திட்டலங்க.”

செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். திரையின் மூலையில் சிவப்பு எண்கள் குறைந்துகொண்டே வந்தன. நேரம் முடிவதற்குள் உள்ளே போகாவிட்டால் கதவு மூடிக்கொள்ளும், ஆட்டம் தோல்வி. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“டைம் ஓடுது மச்சான். உள்ள போயிடட்டா?”

அட, பாவி! வாயில் வந்ததையெல்லாம் அடக்கிக்கொண்டு எழுந்தேன். “நீ போ ராசா. ஒனக்கு எப்பவும் நேரந்தான முக்கியம்!” செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் இளமதி கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை. இனி இந்த வீட்டுக்கு வந்தால் என் பெயர் இளவரசு இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோ ஸ்டாண்டு வரை வந்த பிறகுதான் கன்சோலை அங்கேயே விட்டுவிட்டது உறைத்தது. கோபித்துக்கொண்டு போகக்கூட எனக்கு ஒழுங்காகத் தெரியவில்லை. வெயிலில் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

கதவு திறந்தே இருந்தது. ஒயரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று உள்ளே போனேன். செல்வன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். திரையில் அவன் ஆள் அந்தக் கதவுக்கு வெளியே நின்றான். கதவு அகலத் திறந்து கிடந்தது. எதிரிகள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் உள்ளே போகவில்லை. எண்கள் குறைந்து, கதவு மூடி, தோல்வி என்று சிவப்பாக வந்தது. பட்டனை அழுத்தினான். ஆள் மறுபடி நடந்து வந்து, கைப்பிடியைப் பிடித்து, கதவைத் திறந்து, வெளியிலேயே நின்றான்.

“நீ போனதுலருந்து இதத்தான் பண்றாரு” என்றாள் இளமதி.

“அறிவு இருக்காடா ஒனக்கு?” என்றேன். “தொறந்துதான கெடக்குது? உள்ள போவ வேண்டியதுதான?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது.

“நேரம் போனா போவுது மச்சான். அன்னிக்கே இப்படி நின்னுருக்கணும்.”

கதவு மூடிக்கொண்டது. மறுபடியும் தோல்வி. நான் ஒயரைப் பிடுங்கவில்லை. அவன் பக்கத்தில் போய், தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தேன்.

“இந்தக் கேமச் செஞ்சவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்” என்றேன். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினேன். “இளமதி, பசிக்குது. சோத்தப் போடு.”

செல்வன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, நான் கை கழுவச் சொம்பில் தண்ணீர் எடுத்துவர எழுந்து போனான்.