அரை கிரெடிட் நீச்சல்

“அரை கிரெடிட்டுக்காக இருபத்திரண்டு வருஷமா அந்தப் பொண்ண பன்னெண்டாம் வகுப்புல உக்கார வெச்சிருக்கோம், ரோண்டா. மாட்டைக்கூட யாரும் இவ்வளவு நாள் கட்டிப்போட மாட்டாங்க.” ஆர்லோ மேசையை ஓங்கித் தட்டியதில் காபிக் கோப்பைகள் நடுங்கின.

“நீங்க மாட்டைப் பாத்துக்குங்க. சட்டதிட்டத்தை நான் பாத்துக்கறேன்.”

“அவ உன் கூடப்பொறந்த அக்கா, ரோண்டா.”

“தெரியும். உக்காருங்க.”

ஓஸ்லண்ட் பள்ளி மாவட்டத்தின், அதாவது எங்கள் ஊரின் ஒரே பள்ளியை நடத்தும் அமைப்பின், மே மாத வாரியக் கூட்டம் வழக்கம்போலப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்ததால், தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் வரை எல்லோருக்கும் கேட்டது. ஆர்லோ மாட்டுப் பண்ணைக்காரர், ஐந்து உறுப்பினர்களில் மூத்தவர். ரோண்டா வாரியத் தலைவி. பேச்சுக்கு உரிய மார்லிஸ் கடைசி வரிசையில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 1994இல் பதினெட்டு வயதில் பள்ளியை முடித்திருக்க வேண்டியவள். முடிக்கவில்லை. ஆகவே பதினெட்டைத் தாண்டவும் இல்லை. ஆண்டுதோறும் வரும் நர்ஸ் அதே உயரத்தையும் அதே எடையையும் எழுதிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சோம்பேறித்தனம். பள்ளிக்கு விதிப் புத்தகம் வேண்டும் என்று மாநிலம் கேட்டபோது, அந்தக் காலத்து வாரியம் ஏதோ ஒரு நகரத்துப் பள்ளியின் புத்தகத்தை வரவழைத்து, பெயரை மட்டும் அடித்துவிட்டு ஓஸ்லண்ட் என்று எழுதியது. உள்ளே யாரும் படிக்கவில்லை. பள்ளி முடிக்க அரை கிரெடிட், அதாவது அரை வருடப் பாடம், நீச்சல் கட்டாயம் என்று அதில் இருந்தது. எங்கள் பக்கத்தில் எண்பது மைலுக்கு நீச்சல்குளம் கிடையாது. அதனால் ஒவ்வொரு மே மாதமும், பால் டெண்டருக்கும் பஸ் டயருக்கும் நடுவில், முடிக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நீச்சல் விலக்கு என்று ஒரு தீர்மானம் போட்டுவிடுவார்கள். புத்தகத்தைத் திருத்தியிருக்கலாம். திருத்துவதற்கு மூன்று கூட்டம் வேண்டும், விலக்குக்கு ஒன்று போதும்.

இன்னொரு விதி மாநிலத்துடையது. செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை தலை எண்ணுவார்கள். இருக்கையில் நூறு பிள்ளைகள் இருக்க வேண்டும். குறைந்தால் மாவட்டத்தைக் கலைத்து, நாற்பத்தொரு மைல் தள்ளியிருக்கும் மெர்டன் ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். 1994 மே மாதத்தில் பள்ளிக் கண்காணிப்பாளரான பால் என்பவர் விரலை மடக்கி இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். வரும் செப்டம்பருக்குத் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது. அந்தக் கூட்டத்தில் விலக்குப் பட்டியலைப் படித்தபோது ஒரு பெயரை அவர் படிக்கவில்லை. மார்லிஸின் அப்பா அந்தப் பனிக்காலத்தில்தான் இறந்திருந்தார், அம்மா கூட்டத்துக்கு வரும் நிலையில் இல்லை, அவளுக்காக வாய் திறக்க வேறு ஆளும் இல்லை. “ஒரே ஒரு வருஷந்தானேம்மா,” என்று பால் சொன்னார். அவர்தான் அறிவியல் ஆசிரியர், இரண்டாவது பஸ்ஸின் ஓட்டுநர், ஆகவே அவள் அவரிடம் சண்டை போட்டுவிட்டு அவர் பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு செப்டம்பரிலும் அவளோடு சேர்த்துச் சரியாக நூறு. ஒரு குடும்பம் பண்ணையை விற்றுவிட்டுப் போனால், எங்கோ ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஐந்து வயதாகியிருக்கும். ஒரு தலை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. பள்ளி முடிக்கிறவர்களின் நடன விழாவுக்கு அவளை அழைத்துப் போக இருந்த லைல் இரண்டு வருடம் காத்திருந்தான். பிறகு மெர்டன் வங்கியில் வேலை பார்த்த ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவன் மகள் வளர்ந்து மார்லிஸின் பக்கத்து மேசைக்கு வந்து, அவளைப் பார்த்துக் கணக்கு எழுதி, நல்ல மார்க்கோடு பள்ளியை முடித்துப் போனாள். அம்மா ஆர்டிஸ் ஐந்து மே மாதங்கள், பள்ளி முடிப்பதைக் கொண்டாட, மகள் பெயர் எழுதிய கேக் வாங்கி வைத்தாள். ஆறாவது வருடம் செப்டம்பரில் செத்துப் போனாள். அடக்கம் கடைசி வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. பஸ் தேவாலய வாசலுக்கே வந்து நின்றது. மார்லிஸ் கறுப்பு உடுப்போடு ஏறிப் போய், தன் இருக்கையில் உட்கார்ந்து, எண்ணப்பட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருவதற்குள் குழியை மூடிவிட்டார்கள். பால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பஸ் பக்கத்திலேயே நின்றார்.

ரோண்டா இரண்டு வயது இளையவள். முதலில் “அக்கா” என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வயது சமமானதும் “மார்லிஸ்” ஆயிற்று. மகன் ட்ரெவர் பிறந்த பிறகு, “ஏய் பொண்ணே.” வாரியத்துக்கு வந்த பதினோரு வருடமும், மார்லிஸுக்கு விலக்கு வேண்டாம் என்று முதலில் உயர்ந்த கை அவளுடையதுதான். ட்ரெவர் நாற்பத்தொரு மைல் பஸ்ஸில் போகக் கூடாதே என்று ஆரம்பித்தது. இந்த வருடம் ட்ரெவரே பள்ளியை முடிக்கிறான், பெரியம்மாவுக்கு இரண்டு மேசை பின்னால் உட்கார்ந்து. மூன்று குடும்பங்கள் நிலத்தை விற்றாயிற்று, இந்த முறை எங்கும் இரட்டைப் பிள்ளைகள் இல்லை. மார்லிஸைச் சேர்த்தாலும் தொண்ணூற்று மூன்றுதான். பிடித்து வைத்துப் பயனில்லை என்பது சமையல்காரிக்கும் தெரியும். ஆனால் இப்போது விட்டால், அப்போது ஏன் பிடித்தாய் என்று ஊர் கேட்கும். ஊர் கேட்காவிட்டாலும் சொந்த மனசு கேட்கும். அதற்குத்தான் ரோண்டா பயந்தாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம், அவள் காதில் விழாத தூரத்தில்.

பொதுமக்கள் பேச மூன்று நிமிடம். முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் கடிகாரத்தைக் கண்காணிப்பாளர் திருகி வைத்தார். மார்லிஸ் எழுந்தாள்.

“விலக்கு வேண்டாம் ரோண்டா. நீந்திக் காட்டறேன். ஆர்லோ மாமா குட்டையில. வந்து பாரு.”

“உனக்கு நீச்சலே தெரியாதே, பொண்ணே.”

“தெரியாததைத்தானே இத்தனை வருஷமா கேக்கறீங்க.”

கடிகாரத்தில் இன்னும் இரண்டரை நிமிடம் மிச்சம் இருந்தது. அது ஓடி முடியும்வரை எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வாரியம் வெளியிடத்தில் கூடுவதென்றால் ஒரு நாள் முன்னறிவிப்பு வேண்டும். தபால் நிலையக் கதவில் கண்காணிப்பாளர் தாள் ஒட்டினார்: வியாழன் நான்கு மணி, ஆர்லோவின் மாட்டுக் குட்டை. மடக்கு நாற்காலிகளோடு ஊரே போயிற்று. நீந்துகிறவருக்குப் பள்ளி ஒரு துண்டு கொடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததால், ரோண்டா விளையாட்டு அறையிலிருந்து பள்ளி முத்திரை போட்ட துண்டு ஒன்றை எடுத்து வந்திருந்தாள். பனி உருகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மார்லிஸ் 1994இல் வாங்கிய விளையாட்டு உடுப்போடு இறங்கினாள். நூலகத்தில் இருந்த ஒரே நீச்சல் புத்தகத்தை இருபத்திரண்டு வருடம் படித்தவள், முதல் அடியிலேயே மூழ்கிப் போனாள். குமிழிகள் வந்தன. பிறகு அவையும் நின்றன. ஆர்லோ ஒரு காலின் பூட்ஸைக் கழற்றிவிட்டார். அப்போது தலை மேலே வந்தது. கை வீசினாள், ஒரு வருடம். மறு கை, இன்னொன்று. நடுக்குட்டையில் முதுகு அகன்று உடுப்பு தோளில் பிரிந்தது. முன்முடி நரைக்கத் தொடங்கியது. அக்கரையில் ஏறியபோது அவளுக்கு நாற்பது வயது, கழுத்தில் அம்மா ஆர்டிஸின் மடிப்பு. முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினாள். பால் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

ரோண்டா யாருக்கும் சொல்லாமல் சேற்றில் குட்டையைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போயிருந்தாள்.

“அக்கா, இந்தா துண்டு. குளிரப் போவுது.”

மார்லிஸ் துண்டை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. அரை கிரெடிட் கொடுக்க வாரியத்தின் ஐந்து கைகளும் உயர்ந்தன, ஒன்றில் முழங்கை வரை சேறு.

செப்டம்பரில் தொண்ணூற்று இரண்டு. மாவட்டம் கலைந்தது, பிள்ளைகள் விடியும் முன்பே மெர்டன் பஸ் ஏறுகிறார்கள். பால் வடக்கு டகோட்டாவுக்குப் போய்விட்டார், அங்கே ஒரே ஒரு பஸ்தானாம். ட்ரெவர் ராணுவத்தில் சேர்ந்தான். மார்லிஸ் பில்லிங்ஸ் நகரத்துக்குப் போய், காற்றாலை பழுதுபார்க்கும் ஒரு மனைவியிழந்தவரைச் சந்தித்து, இரண்டாம் சந்திப்பிலேயே கல்யாணத்துக்குச் சரி சொன்னாள். காத்திருக்கிற வழக்கம் விட்டுப்போயிற்று என்றாளாம். ஓஸ்லண்டிலிருந்து லைல் மட்டும் வாழ்த்து அட்டை அனுப்பினான். ரோண்டாவுக்குக் கல்யாணச் செய்தி தபால்காரர் சொல்லித்தான் தெரியும்.

பள்ளிச் சாமான்களை ஏலம் விட்டபோது பட்டியலில் கையெழுத்துப் போடக் கடைசி வாரியத் தலைவி வர வேண்டியிருந்தது. மேசைகள் சரி, ஸ்கோர் பலகை சரி. துண்டு முப்பத்தாறு என்று இருந்தது, எண்ணினால் முப்பத்தைந்து. காணாமல் போனதா என்று ஏலக்காரர் கேட்டார். ரோண்டா பேனாவை வாங்கி, ஓரத்தில் “அக்காவிடம் இருக்கிறது” என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.